காலடியானுக்கு ஒரு சொம்பு கூழ்

மணியம்மாள் அக்காவுக்குக் கதை படிக்கிற பழக்கத்தைத் தொற்ற வைத்தது நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. ஆறு மாதத்துக்கு முன்னால், பாகூரிலிருந்து கிளம்பும் கம்பெனி வேனில், பக்கத்து சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தேமே என்று வந்தவளின் போனைப் பிடுங்கி, கதை படிக்கிற செயலியை ஏற்றி, "யக்கா, நான் எழுதற கதை இதுல வருது, படிச்சுப் பாரேன்" என்று நானே வலியப்போய்க் கொடுத்தேன். அப்போது என் கதைக்கு இருபத்திரண்டு வாசகர்கள். இருபத்து மூன்று ஆகட்டுமே என்கிற அற்ப ஆசை. சும்மா இருந்திருக்கலாம்.

என் பெயர் ஸ்டெல்லா. பகலெல்லாம் சோப்பு கம்பெனியில் பேக்கிங். வேனில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் கட்டைவிரலால் காவியம் எழுதுவேன். மூன்று ராஜ்ஜியங்கள், இரண்டு நிலா, ஏழு தெய்வங்கள், நாற்பத்தைந்து அத்தியாயங்கள். எந்த மந்திரம் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று தனி நோட்டே போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் நடக்கும்போதுகூட என் மண்டைக்குள் அந்த ஏழும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். மாதா மன்னிப்பாராக.

அக்கா அஞ்சாவது வரைக்கும் படித்தவள். பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை தவிர எதையும் வாசித்ததில்லை. என் முதல் அத்தியாயத்தை எழுத்துக்கூட்டி மூன்று நாள் படித்தாள். நாலாம் நாள் கேள்வி கேட்க ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை.

"இந்த ஏழு சாமில யாருக்குடி கல்யாணம் ஆயிருக்குது?"

"யாருக்கும் ஆவலக்கா. அதுங்க பிரபஞ்ச சக்திங்க."

"ஏழுமே ஒண்டிக்கட்டையா? அதான் இப்படி ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கு நிக்குது."

இன்னொரு நாள் மந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். என் கதையில் மந்திரம் சொல்கிறவனின் உடம்பிலிருந்து பலம் போய்விடும். அதுதான் விதி. யோசித்து யோசித்து வகுத்தது.

"பலம் பூடும்னு தெரியுதில்ல? அப்ப சாப்ட்டுட்டு சொல்ல வேண்டியதுதான? வெறும் வயித்துல மலையப் பொளக்கறான், மயக்கம் போடாம இன்னா பண்ணுவான்?"

வேன் ஓட்டுகிற அன்புராஜ் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே என் மந்திரவாதி மலையைப் பிளப்பதற்கு முன் இரண்டு கேழ்வரகு உருண்டை சாப்பிட்டான் என்று திருத்தி எழுதினேன். அது வேறு கதை.

ஏழு தெய்வங்களில் கடைசி ஆள், ரொம்பச் சின்ன ஆள், காலடியான். அபிஷேகப்பாக்கம் ஸ்டாப்பில் ஒரு நாள் என் செருப்பு வார் அறுந்து, ஒற்றைக் காலில் வேன் ஏறியபோது உதித்த தெய்வம். நடக்கிறவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் துணை. ஆயுதம் கிடையாது, வாகனம் கிடையாது.

"வாகனம் இல்லியா? நடந்தேவா வர்றாரு?" என்று கேட்டாள் அக்கா.

"நடக்கறவங்களோட சாமிக்கா அது."

"பாவம்டி." அன்றிலிருந்து மற்ற ஆறும் அவளுக்கு 'அது'. காலடியான் மட்டும் 'அவரு'.

அதற்கப்புறம்தான் என்னைத் திணற வைத்த கேள்வி வந்தது. "எல்லாரும் வந்து வந்து அந்த மனுஷன்கிட்ட கேட்டுக்கினே கீறாங்களே, ஒருத்தராவது ஒரு சொம்பு கூழு ஊத்துனாங்களா? முப்பது பாகம் படிச்சுட்டேன், அவரு வாயில ஒரு பருக்கை போவல."

"சாமிக்கெல்லாம் பசிக்காதுக்கா."

"பசிக்காதுன்னு நீ சொல்லு. கேட்டா குடுக்கணும். அதுவும் வேணாங்கறத எடுத்துக் குடுக்கக் கூடாது. இருக்கறதுல எது பிரியமோ அதக் குடுக்கணும். அதுக்குப் பேருதான் வேண்டுதல். இதுகூடத் தெரியாம நீ இன்னாடி சாமிக்கதை எழுதற?"

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்த சமயத்தில் செயலிக்காரர்கள் போட்டி அறிவித்தார்கள். வியாழக்கிழமைக்குள் முடியும் தொடர்களில் சிறந்ததைப் புத்தகமாகப் போடுவார்களாம். என் கடைசி அத்தியாயம் தயாராக இருந்தது. அதில் காலடியான் சாகிறான். எல்லாருடைய பாதங்களுக்கும் வழி காட்டிவிட்டு, கடலோரத்தில் பாதை முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கிறான். எழுதும்போதே அழுதேன். நான் எழுதியதிலேயே ஒழுங்கானது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். வியாழன் மாலை ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி நேரமும் குறித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேனில் பெருமை தாங்காமல் அக்காவிடம் உளறினேன். "வியாழக்கிழமை பாருக்கா, காலடியான் செத்துடுவான். எல்லாரும் அழப் போறாங்க."

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "அய்யய்யோ! அவருகிட்டதான்டி நம்ம பிரியாவுக்கு வேண்டிக்கினு கீறேன்!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிரியா என்பது அக்காவின் மகள் பிரியதர்ஷினி. போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸாகி, வியாழக்கிழமை காலை கோரிமேட்டில் ஓட்டத் தேர்வு. போன தடவை இரண்டே செகண்டில் தவறிப்போனது. இந்த வருடத்தோடு வயது வரம்பும் முடிகிறது. அக்காவின் விரல் நுனிகளைப் பார்த்தால் தெரியும், பதினேழு வருட சோப்புத் தூள் தோலை உரித்து வைத்திருக்கும். அந்தக் கையை நீட்டிக் காட்டி, "எம் பொண்ணு கை இப்படி ஆவக் கூடாது" என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வாள்.

"வேண்டிக்கினியா? யக்கா, அது நான் கட்டிவிட்ட சாமி! அபிஷேகப்பாக்கம் ஸ்டாப்புல கட்டிவிட்டது! ஊர்ல உனக்கு வேற சாமியே கெடைக்கலியா?"

"யாருகிட்டடி போயி நிக்கறது? திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறேன்னு சொல்லி மூணு வருஷமா தள்ளிப் போட்டுக்கினு கீறேன். வீரனாருக்கு சேவல் நிக்குது. உங்க வில்லியனூரு மாதாவுக்கு ஆள் உசர மெழுவத்தி ஏத்தறேன்னு வேண்டிக்கினது அப்படியே கீது. பழசையே முடிக்காம புதுசா கேக்க எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவறது? இவரு ஒருத்தருகிட்டதான் நான் எதுவும் பாக்கி வைக்கல. ஓடறவங்க சாமின்னு வேற நீயே எழுதிக் கீற. பொண்ணு ஜெயிச்சா வேன் மொத்தத்துக்கும் கூழு ஊத்தறேன்னு வேண்டிக்கினேன்."

"சரிக்கா, ஓட்டம் காலையில. அவன் சாவறது சாயங்காலம் ஆறு மணிக்கு. நடுவுல நேரம் கெடக்குது."

"சாவப் போறவருகிட்டப் போயி உதவி கேப்பாங்களா? அவருக்கு அவரு கவலை இருக்காது?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏழு கீதில்ல, அந்த மழைச் சாமியப் போட்டுத் தள்ளேன். அது ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"அதெல்லாம் முடியாது!" என்று கத்திவிட்டேன். ஆறு மாதம் உழைத்திருக்கிறேன். புத்தகமாக வரும், அட்டையில் என் பெயர் இருக்கும். ஒரு கூழுக்காக என் முடிவை மாற்றச் சொல்கிறாளே என்று ஆத்திரம். "கதைக்கா அது. வெறுங்கதை. புரிஞ்சிக்க."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புதன்கிழமை முழுக்க ஒரு கேள்வியும் இல்லை.

வியாழக்கிழமை காலை அக்கா வேனில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். "நீ கோரிமேடு போவலியா?"

"வராதம்மா, நீ வந்து நின்னா எனக்குக் கால் நடுங்கும்னுட்டா." போனை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு மணியிலிருந்து வரிசையாக ஓட விடுவார்கள். எட்டு மணிக்குக் கம்பெனி வாசலில் போன்களை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் தகவல் வரவேண்டும்.

வில்லியனூர் ரயில்வே கேட்டில் வேன் நின்றது. ஏழு இருபது. ரயில் வருகிற வழியாக இல்லை. அன்புராஜ் என்ஜினை அணைத்துவிட்டான். அக்கா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி இருந்தாள். உரிந்துபோன விரல்கள் போனை விடவில்லை. இந்தப் பொம்பளை என் கதையை நம்பினதைப் போல நானே அதை நம்பினதில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். வழக்கம்போல் 'பிரியதத்தத்தினாலே பூரண' என்று மாதா ஜெபத்தில்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக. இரண்டாவது வரியில் வாய் தடம் மாறிவிட்டது. 'டேய் காலடியானே. உன்னை உண்டாக்கினது நான். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். அந்தப் பெண்ணை ஓட வை. அவள் ஜெயித்தால் உன்னைக் கொல்ல மாட்டேன். என்னிடம் இருப்பதில் அந்தச் சாவுதான் எனக்குப் பிரியமானது. எடுத்துக்கொள்.'

ரயில் தடதடவென்று போனது. கேட்டைத் தூக்கினார்கள். வேன் தண்டவாளத்தைத் தாண்டிக் குலுங்கும்போது போன் அடித்தது. அக்கா பதற்றத்தில் கட் செய்துவிட்டாள். "அய்யோ, அமுக்கிட்டேன்டி!" மறுபடி அடித்தது. நான் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மா! ஆயிடுச்சும்மா! ஒரு செகண்டு மிச்சம் வச்சி வந்துட்டேன்!"

அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, என் தோளிலேயே விழுந்து அழுதாள். அன்புராஜ் கம்பெனி வாசல் வரைக்கும் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. நானும் அழுதேன். பாதி அழுகை பிரியாவுக்காக. மீதிப் பாதி, ஆறு மணிக்குள் நான் செய்ய வேண்டியிருந்த காரியத்துக்காக.

மாலை வேனில், ஐந்தேகாலுக்கு, அந்த அத்தியாயத்தைக் கடைசியாக ஒரு தடவை படித்துவிட்டு அழித்தேன். நோட்டில் நகல் ஏதும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டால் அது வேண்டுதலே இல்லை என்று அக்கா சொல்லியிருப்பாள். முக்கால் மணி நேரத்தில் கைக்கு வந்ததைத் தட்டினேன். காலடியான் கடலோரத்துக்கு வருகிறான். ஒரு மீன்காரி அவனுக்கு ஒரு சொம்பு கூழ் ஊற்றுகிறாள். குடித்துவிட்டுத் திரும்ப நடக்கிறான். முற்றும். காலடியான் சாகவில்லை என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன்; நான் வேண்டிக்கொண்டதைப் பற்றி மூச்சு விடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் அதை விட்டுவிட்டேன், அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது?

சனிக்கிழமை அக்கா ஒரு குண்டான் கேழ்வரகுக் கூழோடு வேன் ஏறினாள். முதல் சொம்பை என் போனுக்கு முன்னால் வைத்தாள். "இதுலதான அவரு கீறாரு?" என்று திரையில் குங்குமத்தையும் வைத்தாள். அப்புறம் எல்லாருக்கும் ஊற்றினாள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும்.

போட்டி முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. எனக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. 'அருமையான உலகம், முடிவு மட்டும் சப்பென்று போய்விட்டது' என்று நடுவர் குறிப்பு எழுதியிருந்தார். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரம்தான் அக்கா எழுத்துக்கூட்டிக் கடைசி அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தாள். படித்து முடித்துப் போனை மடியில் வைத்தாள்.

"கூழு ஊத்தறது நல்லாகீது. ஆனா முடிவு ஒண்ணும் சரியில்லடி. அந்த மனுஷன் செத்திருந்தார்னா நாலு சொட்டுக் கண்ணீர் வுட்டிருப்பேன்."

"யக்கா!"

"இன்னாத்துக்கு மொறைக்கற? எம் பொண்ணுதான் ஜெயிச்சுட்டாளே. கூழும் ஊத்தியாச்சு. இனிமே எனக்கும் அவருக்கும் கணக்குத் தீந்துபோச்சு. இப்பக் கொன்னா இன்னா?"

"முடியாதுக்கா."

"ஏன் முடியாது?"

"நான் வேண்டிக்கினு கீறேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் நூறு கேள்வி கேட்கிறவள் அதற்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, உரிந்த விரல்களால் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.