மச்சான் பகைத்த புல்

கேஷ் ஆற்றோரத்தில் ஹார்லனுக்கு இருந்த பள்ளத்து நிலம், ஜூன் பிறந்தும் காயாது. வேட்டைக்கு மான்களை வரவழைக்க, முதல் வருடம் குதிரைமசால் விதைத்தான், வேர் அழுகியது. மறுவருடம் ஓட்ஸ், மூழ்கியே போயிற்று. இந்த முறையும் மான் வராவிட்டால் பள்ளத்தை நெல்லுக்கு விட்டுவிடுவதாக, மனைவியின் அண்ணன் டெல்பர்ட்டிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஈரத்தோடு மல்லுக்கட்டி இருமுறை தோற்றவன், மூன்றாம் முறை ஈரத்தைக் கேட்டே விதை தேர்ந்தான். ஜூலையில் நீர் வடிந்த சேற்றின்மேல், உழாமல், ஜப்பான் குதிரைவாலியைக் கைவீச்சாக இறைத்தான். ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. நெல் விவசாயியான டெல்பர்ட்டின் உயிரை எடுக்கும் களைக்கு அது ஒன்றுவிட்ட தங்கை. தெரிந்தால் ஊர் சிரிக்க வைத்துவிடுவான்.

ஆகஸ்டில் ஒரு காலை, பள்ளத்தின் கரையில் டெல்பர்ட் களைமருந்துத் தொட்டியோடு நின்றிருந்தான். கையில் குழாய்.

"என்னா மாப்ள, பள்ளம் பூரா களை மண்டிக் கெடக்கு! பாத்துட்டு சும்மா போக மனசு வரல. ஒரு நொடியில பொசுக்கிடறேன்."

"ஐயோ மச்சான், கைய எடு! அது நான் போட்ட பயிரு!"

"பயிரா? வெயில்ல மூளை உருகிடுச்சா? எங்கப்பன் சாகற வரைக்கும் இதத்தான் புடுங்கிட்டிருந்தாரு. நீ கடையில வாங்கி வெதச்சியாக்கும்!"

ஹார்லன் குனிந்து ஒரு தூரை விலக்கிக் காட்டினான். நுனிகள் பிய்ந்து நார்நாராய் நின்றன. மேல்வாயில் முன்பல் இல்லாத மான், புல்லை அப்படித்தான் பிய்க்கும். வேட்டையில் நரைத்த டெல்பர்ட்டுக்கு அதைச் சொல்லவா வேண்டும்? சேற்றில் ஒரு பெரிய குளம்புத் தடம். அதையொட்டிக் குட்டித் தடங்கள். டெல்பர்ட் குழாயைச் சுருட்டினான்.

"நெல்லுக்கு விடறேன்னு சொன்ன வாயி..."

"மான் வரலேன்னா, மச்சான்."

"சரிடா. ஆனா ஒரு வெத என் வரப்பத் தாண்டுச்சு, தங்கச்சி புருஷன்னும் பாக்க மாட்டேன்."

நவம்பரில் பள்ளத்தில் மீண்டும் நீர் நிறைந்தது. முற்றிய கதிருக்குக் காட்டு வாத்துகள் இறங்கின. வயிறு நிரம்பியதும் எழும்பி, டெல்பர்ட்டின் அறுத்த வயலில் போய் அமர்ந்தன. அன்று மாலையே தொலைபேசி அலறியது.

"உன் விருந்தாளிங்க அங்க தின்னுட்டு இங்க வந்து வெதையோட கழியுதுங்கடா!"

"இப்ப என்ன பண்ணலாங்கற, மச்சான்?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"என்ன பண்றது? விடியக்காலம் துப்பாக்கியோட உன் பள்ளத்துக்கு வரேன். காபிய போட்டு வை."