ஜம்புலிங்கத்தின் புதன்கிழமை

வைஜெயந்தி அக்காவின் அழைப்பு வந்தபோது ஜெயராணி கணவனுக்கான அன்றைய தண்ணீரை அளந்துகொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காபி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வைத்துவிடுவாள். தீவின் சிப்பிகாட் ஊரில் மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. பாக்கு மரங்களுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக விழுந்து கிடந்தது. அவள் கணவர் ஐயாவு வாசல் நாற்காலியில், வீங்கிய கால்களை ஸ்டூல்மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

“ஜெயராணி, அவரு போய்ட்டாரும்மா” என்றாள் வைஜெயந்தி. குரலில் அழுகை இல்லை. “விடியக்காலம் டீ கேட்டாரு. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஒனக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு. மெட்ராஸ்ல இருக்கற பையனுக்கே இனிமேத்தான் சொல்லணும்.”

“ஐயோ அக்கா” என்றாள் ஜெயராணி. அது வாய் சொன்னது. அதற்கு முன்பே உள்ளே ஒரு சொல் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது. புதன்.

ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் எட்டு மெஷின்கள். எட்டும் எல்லா வேளையும் நிறைந்திருக்கும். ஐயாவுக்குத் திங்கள், வெள்ளி என்று வாரம் இரண்டு முறைதான் கிடைத்தது. மூன்று முறை செய்தால்தான் நுரையீரலில் நீர் ஏறாது என்று டாக்டர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய் மாலையிலிருந்தே ஐயாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கும். வியாழன் வந்தால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்தபடியே கிடப்பார். வைஜெயந்தியின் கணவர் ஜம்புலிங்கத்துக்கு மூன்று நாள்: திங்கள், புதன், வெள்ளி. அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருடமாகத் தீவில் இருந்தாலும், மெயின்லேண்டிலிருந்து நேற்றுத்தான் கப்பல் இறங்கியவர்போல எதைப் பார்த்தாலும் கேலி பேசுவார். முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய ஐயாவு ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால், “கட்சால் தீவுல ரப்பர் மரத்தை அத்தன கீறு கீறுனீங்கள்ல, மரம் பாவம் இல்லையா?” என்பார். ஐயாவு சிரித்துவிடுவார். உள்ளே அவர்கள் இருவரும் நான்கு மணிநேரம் கிடக்க, வெளியே பெஞ்சில் வைஜெயந்தியும் ஜெயராணியும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டு ஒன்றரை வருடமாகிறது.

ஐயாவிடம் சொல்வதற்கு முன் ஜெயராணி வீட்டின் பின்பக்கம் போனாள். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ரவிக்குமாருக்கு போன் போட்டாள்.

“தம்பி, புதன்கெழம காலையில மெஷின் காலியாகுதுல்ல, அத எங்களுக்கு எழுதிருங்க.”

“எந்த மெஷின் அக்கா? ஒண்ணும் காலி இல்லியே.”

“ஜம்புலிங்கம் அண்ணனோடது.”

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ இந்தியில் நோயாளிகளின் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவது கேட்டது.

“அரே” என்றான் ரவிக்குமார். “எப்போ?”

“விடியக்காலம்.”

“நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது.” அவன் குரல் தணிந்துவிட்டது. “அக்கா, லிஸ்ட்ல ஒங்க பேருதான் மொதல்ல. டாக்டர் சாப் எப்பவோ எழுதி வச்சுட்டாரு. நீங்க கேக்கலன்னாலும் ஒங்களுக்குத்தான் வந்திருக்கும்.”

போனை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் அந்த மகிழ்ச்சி அப்படியே இருந்தது. அதுதான் அவளைத் திகைக்க வைத்தது. அரிசி களையும்போதும் இருந்தது. ஐயாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ, பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதபோதும் இருந்தது. அழுகையும் பொய்யில்லை.

ஐயாவின் நோய்க்குப் பிறகுதான் அவள் சபைக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் முருகன் படம் அப்படியேதான் இருந்தது; ஐயாவு அதற்குப் பூ வைப்பார், அவள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவாள். தகரக்கூரை போட்ட சின்னக் கூடம், நாற்பது பேர். பாட்டும் ஜெபமும் அவளுக்குப் பிடித்திருந்தன. ஒன்று மட்டும்தான் ஒத்துவரவில்லை. எல்லா மனிதரும் பாவி என்று பாஸ்டர் சொல்லும்போதெல்லாம் யாரோ தன்மேல் பொய்ப்புகார் எழுதுவதுபோல் இருக்கும். பெண்கள் கூட்டத்தில் ஒருநாள் பாஸ்டரின் மனைவி அன்னம்மாளிடம் கேட்டேவிட்டாள்.

“நா யாரு வீட்டுத் தேங்காயையும் எடுத்ததில்லம்மா. மாமியார அஞ்சு வருசம் படுக்கையில வச்சுப் பாத்தேன். மூஞ்சி சுளிச்சதில்ல. நா எப்பிடி பாவி?”

அன்னம்மாள் கோபிக்கவில்லை. “நீங்க செஞ்சதச் சொல்லல ஜெயராணி. பொறக்கும்போதே கூட வர்றதச் சொல்றேன். ஜென்மபாவம். மரத்துல இந்த வருசம் காய் இல்லன்னா வேரு இல்லன்னு ஆயிருமா?”

அப்படியானால் நேற்றுப் பிறந்த குழந்தைமேலும் இவர்கள் புகார் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் உபவாச ஜெபத்துக்குப் போனாள். ஒரு மெஷினைத் திறந்து கொடும் ஆண்டவரே என்று நாற்பது பேரும் அவளுக்காகக் கைதூக்கி வேண்டினார்கள். எட்டு மெஷினில் ஒன்று எப்படித் திறக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தானும் யோசிக்கவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இப்போது ஒன்று ஞாபகம் வந்தது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜம்புலிங்கம் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தார். உள்ளே எட்டிப் பார்த்த அவள், அந்த முகத்தைத் தேவைக்குமேல் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

மெட்ராஸிலிருந்து மகன் விமானத்தில் வந்து சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வைஜெயந்தியின் ஊரான பம்பூஃபிளாட்டில் உடலை எடுத்தார்கள். ஐயாவால் வர முடியவில்லை. பெண்களுக்கு நடுவே போய் ஜெயராணி உட்கார்ந்ததும் வைஜெயந்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

“புதன்கெழம எடம் காலியாயிருச்சுல்ல. ரவிகிட்டச் சொல்லி ஐயாவுக்கு வாங்கிரு. வேற யாருக்கும் விட்றாத.”

“சொல்றேன் அக்கா” என்றாள் ஜெயராணி. எச்சில் விழுங்காமல், கண்ணைத் தாழ்த்தாமல் அது வந்தது. நா எப்பிடி பாவி என்று கேட்ட அதே வாயிலிருந்து.

புதன்கிழமை ஐயாவுக்கு ஜம்புலிங்கத்தின் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. “கால்மாட்டுல ஒரு ஸ்க்ரூ ஆடும்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஆடுது” என்றார். மூன்று லிட்டர் நீர் இறங்கியது. அன்றிரவு வெகுநாளைக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினார். விடிந்ததும் அவர் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை.

செய்தி சபைக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடியும் நேரத்தில் பாஸ்டர், “நம்ம சகோதரி ஜெயராணிக்கு ஆண்டவர் செஞ்ச நன்மையை அவங்களே சாட்சி சொல்லுவாங்க” என்று மைக்கை நீட்டினார். கீபோர்டு வாசிக்கும் பையன் பின்னணிக்கு மெல்லிய சுருதியைப் பிடித்துக்கொண்டான். எல்லாரும் அவளுக்கு முன்பே சிரித்த முகமாயிருந்தார்கள்.

“ஆறு மாசமா எல்லாரும் ஜெபம் பண்ணீங்க” என்று தொடங்கினாள். “எடம் கெடச்சிருச்சு. இப்ப அவரு படுத்துத் தூங்குறாரு.”

“ஸ்தோத்திரம்” என்றது கூடம்.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் நினைத்தாள். “அந்த எடம் ஜம்புலிங்கம்னு ஒரு அண்ணனோடது. அவரு செத்துட்டாரு. செத்துட்டாருன்னு கேட்டதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அவுங்க வீட்டுல ஒடம்பக் கெடத்தியிருக்கையிலேயே நா ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி எடம் கேட்டேன். அவுங்க சம்சாரம் என்னயக் கூடப்பொறந்தவ மாதிரி வச்சிருந்தாங்க.”

கீபோர்டு நின்றது. ஒரு குழந்தை எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. பாஸ்டர் நல்ல மனிதர். அவளை அப்படியே விட்டுவிட அவருக்கு மனமில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு, மனுஷ சுபாவம் இதுதான், சகோதரி தைரியமாய்ச் சொன்னார், நாம் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். “இங்க உக்காந்திருக்கற நாம எல்லாருமே ஜெயராணிதான்” என்றார். ஆமென் என்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்ததும் பெண்கள் வந்து அணைத்துக்கொண்டார்கள். அன்னம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மனம் லேசாகியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆகவில்லை. எல்லாரும் ஜெயராணிதான் என்ற பிறகு, கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று போன் போட்டவள் யார் என்று தெரியாமல் போய்விட்டது. அணைத்துக்கொண்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களில் யாருக்கும் அவள் தீங்கு எதுவும் செய்துவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஐயாவின் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, சாத்தம் படகுத்துறைக்குப் போய் பம்பூஃபிளாட் போட் ஏறினாள்.

வைஜெயந்தி தனியாக இருந்தாள். மகன் ஏதோ கையெழுத்துக்காக ஆபீஸ் போயிருந்தான். கூடத்தில் பாய் விரித்து, ஜம்புலிங்கத்தின் துணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெயராணி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். தள்ளிப்போட்டால் டீ வந்துவிடும், டீ குடித்த பிறகு சொல்ல முடியாது.

“அக்கா, அன்னைக்கு நீங்க போன் வச்ச ஒடனே நா ரவிக்குப் பண்ணிட்டேன். எடத்துக்கு. இவருகிட்டக்கூடச் சொல்லல. அப்பறம் நீங்க கையப் புடிச்சு அதையே சொன்னப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி தலையாட்டுனேன்.”

வைஜெயந்தி ஒரு வேட்டியை மடித்து முடித்தாள்.

“தெரியும்.”

வெளியே ஜெட்டிக்குப் போகும் மோட்டார்சைக்கிள்களின் சத்தம்.

“கால் மணி நேரத்துல ரவி கூப்பிட்டான். அழுதான் பாவம். யாருடா சொன்னாங்கன்னு கேட்டேன். ஜெயராணி அக்கான்னான். நீ என்னத்துக்குச் சொன்னன்னு அவன் சொல்லல. எனக்குப் புரிஞ்சுது.”

“அக்கா…”

“வயிறு எரிஞ்சுது. இல்லன்னு சொல்ல மாட்டேன். அவரு ஒடம்புல சூடு ஆறல, அதுக்குள்ளயான்னு இருந்துச்சு. நீ வந்தா மூஞ்சில முழிக்கக்கூடாதுன்னு நெனச்சேன்.” இன்னொரு வேட்டியை எடுத்தாள். “பையன் வர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்ல. என்னென்னவோ ஓடுச்சு. எங்களுக்கு அந்தப் புதன்கெழம எப்பிடி வந்துச்சுன்னு ஓடுச்சு. நாலு வருசம் முன்னாடி. ஒரு பெங்காலிப் பொண்ணு, திக்லிபூர்லருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்தா. அந்த ஜன்னலோர பெட்டு அவளோடது. ஒரு நாள் வரல. எடம் ஒங்களுக்குன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து நான் கேசரி கிண்டுனேன் ஜெயராணி. முந்திரிப்பருப்பு போட்டு. அவ பேரு என்னன்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேக்கல.”

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் ஜெயராணி கடல் தாண்டி வந்திருந்தாள். அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று இப்போது தெரியவில்லை. வைஜெயந்தியும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவள் முகத்தில் கோபம் முழுவதும் போயிருந்ததாகவும் தெரியவில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் குடித்தார்கள். கிளம்பும்போது ஒரு துணிப்பையை நீட்டினாள்.

“அவரு சட்டைங்க. ஐயாவுக்குச் சரியா இருக்கும். வேற யாருக்கும் இது ஆகாது.”

போட்டில் கூட்டமில்லை. கீழ்த்தளத்தில் மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே ஒரு லாரி நின்றது. ஜெயராணி மேலே ஓரப் பலகையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். ஆபீஸுக்குப் போட்டுப் போன முழுக்கைச் சட்டைகள். எல்லாவற்றிலும் இடக்கை மட்டும் மணிக்கட்டிலிருந்து தோள்வரை தையல் பிரிக்கப்பட்டிருந்தது. ஏசி குளிரில் சட்டையைக் கழற்றாமல் ஊசி ஏற்றுவதற்காக, பிரித்த ஓரத்தை நுணுக்கமாக மடித்துத் தைத்து, வரிசையாக அழுத்துபொத்தான்கள் வைத்திருந்தாள் வைஜெயந்தி. வெள்ளைப் பொத்தான் தீர்ந்துபோன இடத்தில் கறுப்பு வைத்திருந்தாள். ஜெயராணி ஒன்றை அழுத்தி மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் அந்த விசித்திரமான கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தீதி, யே கிஸ்கா ஹை?” என்றார். யாருடையது என்று கேட்கிறார்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். சாத்தம் மரமில்லின் அறுத்த மரவாசனை காற்றில் வந்தது. போட் வேகம் குறைந்து, ஜெட்டியில் கட்டித் தொங்கவிட்ட டயர்களில் மெதுவாக மோதியது. அவள் மடியில் சட்டையின் இடக்கை தோள்வரை திறந்து கிடந்தது.