கசிவு இல்லை என்ற கட்டம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஒரு சலவை ஆலை கேட்டு எழுதியது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் ஆலை. அவர்கள் கரிமச் சமநிலையை அடைந்துவிட்டார்களாம். விழா மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும், அதில் ஒரு மரமாவது வர வேண்டும். எனக்கும் கையில் வேறு வேலை இல்லை.

‘பசுமை பூத்துக் குலுங்கிய அந்த ஆலையில் ஒரு நாள்…’

(அடித்துவிட்டேன். நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே பச்சையாக இருந்தது பெயர்ப்பலகை மட்டும்தான்.)

2

கதாநாயகர் பாய்லர்காரர். பதினெட்டு வருடமாக நீராவியோடு மல்லுக்கட்டுகிறவர். தேய்க்கும் கூடத்துக்குப் போகும் நடைபாதையில், தலை உயரத்தில், நீராவிக் குழாய் ஒன்று மூன்று வருடமாகக் கசிகிறது. சாக்கைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். கரிமச் சமநிலைச் சான்றிதழுக்கான படிவத்தில் ‘கசிவு இல்லை’ என்று ஒரு கட்டம். அதில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரு நாள் பாய்லரை நிறுத்துங்க சார், சரி பண்ணிடலாம். எரிபொருளும் குறையும், புகையும் குறையும்."

"நிறுத்தினா விரிப்பை யாரு தேய்க்கிறது? அதான் எங்கேயோ காடு வாங்கியாச்சே. நம்ம புகையை அது குடிச்சுடும்," என்றார் மேனேஜர்.

"நாம வாங்குறதுக்கு முன்னாடி அது குடிக்காமலா சார் இருந்துச்சு?"

மேனேஜர் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "நாளைக்கு நாலு மணிக்குள்ள போட்டுடுங்க."

(கரிமச் சமநிலை ஒன்றும் பெரிய வித்தையல்ல. விடுகிற புகையை முடிந்தமட்டும் குறைப்பது. என்ன செய்தும் குறையாத மிச்சத்தைத் திரும்ப உறிஞ்ச வழி பார்ப்பது. முதல் வேலையில் வியர்க்கும் என்பதால் எல்லோரும் இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதைப் பேசித் தீர்க்க வருடா வருடம் உலக மாநாட்டுக்கு விமானம் ஏறிப் போகிறார்கள்.)

3

பாய்லர்காரரின் மனைவிக்கும் அதே ஆலையில்தான் வேலை. விரிப்பு வண்டியை அந்த நடைபாதை வழியாகத் தள்ளுகிறவள். போன மாதம், முகத்தை மறைக்கத் தூக்கிய அவள் இடது முழங்கை அந்த நீராவியில் வெந்துபோனது.

"போடலைன்னா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. போட்டுடுங்க," என்றாள். "நான் குனிஞ்சு போய்க்கிறேன்."

அவருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

4

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறார், கைதட்டுகிறார்கள், ஒரு மரக்கன்று நடுகிறார். ஆலைக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

முடிவு ஆ: படிவத்தைக் கிழிக்கிறார், தொழிலாளர்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், உலகம் குளிர்கிறது. ஒரு காகிதம் கிழிந்ததும் உலகம் குளிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் வேறு எழுத்தாளரைப் பார்த்துக்கொள்ளலாம்.

முடிவு இ: அவர் பேனாவை எடுத்து…

5

ஆலையிலிருந்து கடிதம் வந்தது: ‘கதை அருமை. குழாயை மட்டும் எடுத்துவிடுங்கள்.’

எடுத்துக் கொடுத்தேன். மலரில் அவர் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிச் சிரிக்கிறார். அந்தக் ‘கசிவு இல்லை’ கட்டத்தில் நானும் கையெழுத்துப் போட்டவன்தான். ஆகவே என்னிடம் முடிவு கேட்காதீர்கள்.

இங்கே குழாயைப் பழைய இடத்திலேயே மாட்டி வைத்திருக்கிறேன். மணி நாலாகப் போகிறது. படிவம் மேசையில் இருக்கிறது, பேனா அவர் கையில். வண்டியைத் தள்ளிக்கொண்டு மனைவி நடைபாதைக்குள் வந்துவிட்டாள். அவர் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் குனிய ஆரம்பித்துவிட்டாள்.