லிங்கம் நியூரான் ஆன பகல்

எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. படிகள் பத்து என்கிறேன், ஒன்பதாகவும் இருந்திருக்கலாம். கரமனையில் மூளை ஆய்வு நிலையம் ஒன்றின் நூலகர் நான். பேசாமல் இருக்கச் சம்பளம் தருகிறார்கள்.

ஆய்வு மாணவி அஸ்வதியின் ஆய்வேட்டில் பேராசிரியர் பஞ்சாபகேசன் கையெழுத்திட மறுத்தார். கையெழுத்து இல்லாவிட்டால் முனைவர் பட்டம் இல்லை. நியூரானுக்குத் தூண்டும் செய்திகளும் அடக்கும் செய்திகளும் சமமாக வந்தால் அது தாறுமாறான இடைவெளிகளில் துடிக்கும் என்று அவள் எழுதியிருந்தாள்.

“சமமா வந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுண்டு போயிடும். அப்புறம் ஏன் துடிக்கணும்? உன் ப்ரோகிராம்ல பிழை, குழந்தே.”

“காட்டித் தரட்டா, சாரே?”

அஸ்வதி கேன்டீன் டீ மாஸ்டர் லிங்கத்தைப் படிக்கட்டின் கீழே நிறுத்தினாள். “ஏறு” என்றால் ஒரு படி மேலே, “இறங்கு” என்றால் ஒரு படி கீழே. பத்தாம் படியில் மணி, அதுதான் நியூரானின் துடிப்பு. அடித்ததும் தரைக்குத் திரும்ப வேண்டும். தரையில் நிற்கும்போது “இறங்கு” செல்லாது.

ஊழியர்களை ஏறு கட்சி, இறங்கு கட்சி என்று பிரித்தாள். முதலில் ஏறு கட்சி மட்டும் கத்தியது. மணி கடிகாரம்போல் அடித்தது. பிறகு இறங்கு கட்சியும் சேர்ந்தது. எங்கள் ஊழியர்கள் டோக்கன் வாங்கி நின்றே பழகியவர்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று முறைவைத்து, “இனி சேட்டன் பறயணும்” என்ற மலையாள உபசாரத்துடன் கத்தினார்கள். லிங்கம் முதல் படியிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

“எம்மா, நா இப்பம் எங்கதான் போவணும்?”

“பாத்தியோ, கேன்சல்” என்று பேனாவை மூடினார் பஞ்சாபகேசன்.

அஸ்வதி ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தாள். பிறகு எல்லாரையும் ஜன்னல் பக்கம் திருப்பினாள். சாலையில் ஸ்கூட்டர் போனால் ஏறு கட்சி கத்த வேண்டும். கார் போனால் இறங்கு கட்சி. முறை கிடையாது. எண்ணி எழுதுவது என் வேலை.

சிக்னல் திறந்தது. ஸ்கூட்டர் கூட்டம். மணி அடுத்தடுத்து இருமுறை அடித்தது. அதன்பின் நான்கு நிமிடம் மணிச் சத்தமே இல்லை. லிங்கம் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே தத்தளித்தார். அவர் மனைவி மாடம்மாள் கேன்டீனிலிருந்து வந்தாள்.

“ஏங்க, ஏழாம் படியில என்ன வேண்டுதலா? அங்க பால் பொங்குது.”

“ஏழு கார் வரட்டும், பிள்ள. வாரேன்.”

மூன்று ஸ்கூட்டர்தான் வந்தன. மணி அடித்தது.

பஞ்சாபகேசன் என் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஸ்கூட்டர் நூற்றுப் பத்தொன்பது, கார் நூற்றுப் பதினாறு.

“சமம்தான். ஆனா இந்த முன்னேபின்னே ஆட்டமே மேல தூக்கிண்டு போறதே” என்றார் மெதுவாக.

“அதே, சாரே. அவ்வளவுதான் தீசிஸ்.”

கைப்பிடிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அஸ்வதி இப்போது பெங்களூரில் பாடம் நடத்துகிறாள். பஞ்சாபகேசன் ஓய்வு பெற்றுவிட்டார். லிங்கத்துக்கு அப்போது முட்டி வீங்கி எட்டு நாள் விடுப்பு. அந்த நாட்களில் மாடம்மாள் போட்ட டீயே எல்லாருக்கும் பிடித்துப்போனதால் அவர் இப்போது வடை மட்டும் போடுகிறார். நான் அதே நூலகத்தில் இருக்கிறேன்.