‘ஏன்’ கேட்கக் கூடாத படிப்பு

1

இந்தக் கதையை என் மனைவியிடமிருந்து எடுத்தேன். முதலில் ‘திருடினேன்’ என்றுதான் எழுதியிருந்தேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவள், “அது பழி போடற சொல்லு. ‘எடுத்தேன்’னு போடுங்க. எடுத்தது நடந்தது. திருடினேங்கிறது உங்க கருத்து” என்றாள்.

அவள் விபத்துப் புலனாய்வு படிக்கிறாள். பேருந்தோ ரயிலோ கப்பலோ விமானமோ, எது எதில் மோதினாலும் அது எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் முதுநிலைப் படிப்பு. வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தில் வருடக்கணக்காகப் பிரேக்கை மிதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தவள், நாற்பதை நெருங்கும்போது சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டுப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான். வாசகருக்கு மட்டும் மூன்றாம் பகுதி வரை தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இந்தக் கதைக்கு இரண்டு தொடக்கங்கள் எழுதினேன். ஒன்று:

மழை பெய்துகொண்டிரு

(மழையில் தொடங்கினால் வாசகர் குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். ஆனால் அன்றைக்கு உண்மையிலேயே மழை. உண்மையாக இருப்பது கதைக்கு ஒரு தகுதி அல்ல.)

இரண்டு:

என்ன நடக்கப்போகிறது என்பதை அறியாமல் அந்த மாலையில் அவர்கள் காரில் ஏறினார்கள்.

இது எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு ஆகவில்லை. “அறியாமல்னா என்ன? யாருக்குத்தான் தெரியும்? முடிவை வெச்சுக்கிட்டுப் பின்னாடியே நடந்து வர்றீங்க. எங்க வகுப்புல இதுக்குத்தான் முதல்ல அடி விழும்” என்றாள்.

வகுப்பு என்றால் விமானம் நிறுத்தும் அளவு பெரிய கொட்டகை. நான் ஒருமுறை அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். உள்ளே முன்பக்கம் நசுங்கிய பேருந்து, பாதியாக அறுத்து வைத்த ரயில் பெட்டி, சிறு விமானம் ஒன்றின் வால். மாணவர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டு, உடைந்த ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் எண் எழுதிய அட்டையை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எதையும் தொடவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு முன் உட்கார்ந்திருப்பவர்களைப் போல அத்தனை ஒழுக்கம்.

அவர்களுடைய பேராசிரியருக்கு ‘அப்புறம் சார்’ என்று பெயர். சாட்சியிடம் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது என்பது அவர் வேதவாக்கு. ஏன் என்று கேட்டால் மனிதன் பதில் சொல்லமாட்டான், தன்னைக் காப்பாற்றிக்கொள்வான். ‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்க வேண்டும். அவர் இன்னொன்றும் சொல்வாராம்: “முடிவு தெரிஞ்சவனுக்கு வண்டி ஓட்டினவன் எல்லாம் முட்டாளாத்தான் தெரிவான்.”

எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் குற்றத்தில்தான் பிழைப்பு நடத்துகிறோம் என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

3

இனி காரணம். என் மனைவிக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அவளுடைய அண்ணன் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னிருக்கையில் இவள். பின்னால் இவர்களுடைய அம்மா. ஓரத்தில் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் கார் மோதியது. அம்மா இறந்துவிட்டார். இவளுக்குத் தலையில் அடி. பெட்ரோல் போட்டதற்கு அடுத்து மருத்துவமனை விட்டம்தான் இவளுக்கு ஞாபகம்.

‘கண் அசந்துட்டேன்’ என்று அண்ணன் போலீசில் எழுதிக்கொடுத்தார். அவர் முந்தின நாள் இரவு வேலை பார்த்தவர். ‘தூங்கி எழுந்து கிளம்பு’ என்று அவர் அப்பா சொல்லியிருந்தார், ‘நான் பாத்துக்கறேன்’ என்று இவர் சொல்லியிருந்தார். ஆக அந்த வாக்குமூலம் எல்லோருக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அந்த அப்பா, அதாவது என் மாமா, அன்றிலிருந்து மகனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திட்டுவதும் இல்லை. திட்டியிருந்தால் ஒரு வருடத்தில் தீர்ந்திருக்கும். ‘அவன் சாப்பிட்டானான்னு கேளு’ என்று மகளிடம் சொல்வார். அவன் எதிரேதான் உட்கார்ந்திருப்பான். மாமா இப்போது எங்களோடு இருக்கிறார். பேசுவதெல்லாம் மகளிடம்தான். என்னிடம் பேசுவது செய்தித்தாள் எங்கே என்ற அளவில்.

மச்சான் அதன் பிறகு வண்டி ஓட்டவில்லை. சலவை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். அரை மூட்டை எடையுள்ள கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தில் போகிறார், பேருந்தில் வருகிறார்.

(பாத்திரம் பற்றி ஒரு சந்தேகம். மச்சானை ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனா? அவர் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். என் இரும்பு ஏணியை வாங்கிப்போய் இன்னும் தரவில்லை. இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

4

இரண்டாம் பருவத்தில் ஒரு பயிற்சி. தெரிந்தவர் ஒருவரைப் பேட்டி கண்டு ஒரு விபத்தைப் பற்றிச் சிறிய அறிக்கை எழுத வேண்டும். அப்புறம் சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “நீங்க இருந்த விபத்தை எடுக்காதீங்க. அதுல நீங்களே சாட்சி. சாட்சி கேள்வி கேட்டா அது விசாரணை ஆகாது, குடும்பச் சண்டை ஆகும்.”

என் மனைவி அண்ணனின் விபத்தை எடுத்தாள்.

“எனக்குத்தான் ஒண்ணுமே ஞாபகமில்லையே. அப்போ நான் அதுல இல்லாத மாதிரிதானே?” என்றாள் என்னிடம். புலனாய்வு படித்தவர்களால் மட்டுமே செய்ய முடிந்த தவறு இது. நாமாக இருந்தால் ‘அய்யோ, நானும் அந்தக் காரில் இருந்தேனே’ என்று ஒதுங்கியிருப்போம்.

அவள் எண்ணம் நல்லது. லாரிக்கு விளக்கில்லை, சாலையில் வெள்ளைக் கோடில்லை, மழை, மங்கல் வெளிச்சம் என்று பத்துக் காரணங்களை முறையாக அடுக்கினால், தூக்கம் அவற்றில் ஒன்றாகிச் சிறுத்துப்போகும். அதை அப்பாவிடம் காட்ட வேண்டும். அப்பா ஒருமுறையாவது அண்ணனைப் பார்த்து ‘சாப்பிட்டியா’ என்று கேட்க வேண்டும். மதிப்பெண் இரண்டாம்பட்சம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்.

5

மாமா கண் பரிசோதனைக்குப் போயிருந்த ஒரு பகலில் மச்சான் வந்தார். பையை இறக்கி வைத்தார். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தது நான்தான். அதற்கு மேல் என்னை யாரும் அங்கே விரும்பவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

“எதுக்கு பாப்பா இதெல்லாம்? அதான் அன்னைக்கே எழுதிக் குடுத்தாச்சே.”

“மார்க்குக்குண்ணா.”

“மார்க்குக்குன்னா சரி.”

கண்ணை மூடச் சொன்னாள். சரியா தப்பா என்று யோசிக்காமல், பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் பெட்ரோல் போட்ட இடத்திலிருந்து சொல்லச் சொன்னாள். அவள் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. ஏற்ற இறக்கமே இல்லை.

“பெட்ரோல் போட்டேன். கண்ணாடியைத் துடைச்சேன். தூற ஆரம்பிச்சுது.”

“அப்புறம்?”

“கிளம்பினோம். வைப்பர் ஒரு பக்கம் கர்ரு கர்ருனு சத்தம் போட்டுச்சு. அம்மா சிரிச்சாங்க. உங்கப்பா குறட்டை மாதிரியே இருக்குடான்னாங்க.”

“அப்புறம்?”

“இருட்டிட்டு வந்துச்சு. அம்மாவுக்குத் தலைவலி. மாத்திரை கேட்டாங்க. பை உன் காலடியில இருந்துச்சு. குனிஞ்சு தேடினே, கிடைக்கல. மேல கைய நீட்டி உள் லைட்டைப் போட்டே.”

“அப்புறம்?”

“முன் கண்ணாடி முழுக்க உன் முகந்தான் தெரிஞ்சுது. ரோடு தெரியல. லைட்டை அணைன்னு சொல்ல வாயைத் தெறந்தேன்.”

“அப்புறம்?” என்றாள் அவள், அதே குரலில். நல்ல மாணவி. காதில் விழுந்தது அவளுக்குள் இன்னும் இறங்கியிருக்கவில்லை.

மச்சான் கண்ணைத் திறந்தார். தங்கையைப் பார்த்தார். அப்புறம் ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தார்.

“அப்புறம் ஒண்ணுமில்ல. தூங்கிட்டேன்.”

6

“தூங்கினவனுக்கு என் முகம் எப்படிண்ணா தெரிஞ்சுது?” என்று அவள் கேட்டாள். அவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று சொன்னார்:

“எழுதாதே பாப்பா. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். எனக்குப் போனது போகட்டும். உங்கிட்டயும் பேசாம போயிட்டார்னா, அந்த மனுஷன் வேற யார்கிட்டதான் பேசுவார்?”

அன்று முழுவதும் அவள் அழவில்லை. சமையலறையில் விளக்கைப் போட்டாள், அணைத்தாள். போட்டாள், அணைத்தாள். நான் பயந்துபோனேன் என்பதை இங்கே ஒளிவுமறைவின்றி எழுதிவிடுகிறேன். கடைசியில் உட்கார்ந்து பாடம் சொல்வதைப் போலச் சொன்னாள்: “மோதும்போது எரிஞ்சுட்டிருக்கிற பல்புல உள்ள இருக்கிற கம்பி சூட்டுல இளகி நீண்டுபோகும். அணைஞ்சிருந்தா நறுக்குனு ஒடியும். அந்தப் பல்பு கிடைச்சா தெரிஞ்சுடும்.”

கார் எப்போதோ பழைய இரும்பாகிப் போய்விட்டது. பல்பு கிடைக்காது.

இந்த இடத்தில் கை அரித்தது. எழுதியும் பார்த்தேன்:

மச்சானின் கருவிப் பையின் அடியில், பஞ்சு சுற்றிய ஒரு சிறிய பெட்டி. அதற்குள் அந்தப் பல்பு. இத்தனை வருடமாக அதைச் சுமந்துகொண்டே அவர் பேருந்தில்

கைவிட்டேன். வாசகர் கண் கலங்கியிருப்பார், எனக்கும் ஒரு பரிசு கிடைத்திருக்கும். ஆனால் பையில் ஸ்பேனர்களும் ரப்பர் வளையங்களும்தான் இருக்கின்றன. நான் ஏணியைத் தேடும் சாக்கில் பார்த்துவிட்டேன்.

7

மாற்று முடிவுகள், வரிசைக்கிரமமாக இல்லை:

அவள் அறிக்கையை அப்படியே சமர்ப்பிக்கிறாள், வகுப்பில் முதலாவதாக வருகிறாள். (அவள் இதைப் படித்துவிட்டு என்னோடு அரைநாள் பேசவில்லை. அப்பாவின் மகள்.)

அவள் ஒலிப்பதிவை அழித்துவிடுகிறாள். அண்ணன் நிம்மதி அடைகிறார். மாமா எதுவும் தெரியாமல் மகளின் கையால் சாப்பிட்டுக் காலத்தைக் கழிக்கிறார். (இதை நடைமுறை அறிந்தவர்கள் நல்ல முடிவு என்பார்கள்.)

நடந்தது வேறு. பயிற்சிக்கு அவள் என்னைப் பேட்டி கண்டாள். நான் சைக்கிளைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் கேட்டில் மோதிய விபத்து. பொருட்சேதம் சிறிது, மானச்சேதம் அதிகம். அப்புறம் சார் சுமாரான மதிப்பெண் போட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘சாட்சி கதை விடுகிறார். வேறு ஆளைப் பிடித்திருக்கலாம்.’

ஒலிப்பதிவு அவளிடம் இருக்கிறது. மாமா முன்னால் மூன்று முறை போய் நின்றாள். மூன்று முறையும் “காபி வேணுமாப்பா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரே நாளில் மூன்று காபி குடித்த மாமாவுக்கு அன்றிரவு தூக்கமில்லை.

பிறகு என்னிடம் வந்தாள். “நான் சொன்னா அது வாக்குமூலம். நீங்க எழுதினா கதை. எழுதுங்க. நம்பணும்னா நம்பட்டும், வேண்டாம்னா மாப்பிள்ளை வழக்கம்போல அளக்கறார்னு விட்டுடட்டும்.”

“உங்கிட்ட பேசலைன்னா?”

“அண்ணன் இருந்தாரே இத்தனை வருஷம். நானும் இருந்துக்கறேன்.” இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அந்தப் பழக்கமில்லாத குரல் அல்ல, அவளுடைய சொந்தக் குரல்.

மச்சானிடம் நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.

8

நான் எழுதுவது எதுவும் மாமாவின் கையைத் தாண்டாமல் அச்சுக்குப் போவதில்லை. இந்த வீட்டில் அவருக்கும் எனக்கும் இருக்கும் ஒரே உறவு அதுதான். கட்டை பென்சில் ஒன்றை வைத்துக்கொண்டு படிப்பார். நன்றாக இருக்கிறது என்று சொன்னதே கிடையாது. ‘எட்டாம் பக்கத்தில் இந்த ஆளுக்கு மீசை இருந்தது, பதினோராம் பக்கத்தில் எங்கே போயிற்று?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பார். எப்போதும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

ஆகவே, இதைப் பிறகு அச்சில் படிக்கப்போகிறவர்கள் மன்னிக்க வேண்டும். முடிவை உங்களிடம் ஒப்படைப்பதுதான் இந்த வகைக் கதைகளின் வழக்கம். இது உங்களுக்கு அல்ல.

மாமா, இந்தத் தாள்களை உங்கள் மேசையில் வைத்துவிட்டு நாங்கள் இருவரும் வெளியே கிளம்புகிறோம். மீசைகளைச் சரிபார்த்துவிட்டேன். வைப்பர் சத்தத்தைக் கேட்டு அத்தை சொன்னதாக ஐந்தாம் பகுதியில் வருவதை நான் கற்பனை செய்யவில்லை. அது உங்களுக்குச் சேர வேண்டியது, இத்தனை நாள் வேறு ஒருவரிடம் இருந்துவிட்டது.

இன்று மாதத்தின் முதல் சனிக்கிழமை. உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை மாதாமாதம் நான் வாங்கி வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் வாங்குவதில்லை. மச்சான் கொண்டுவந்து வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டு அப்படியே போய்விடுவார். இன்றும் வருவார். நாங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

மணி அடித்தால் நீங்கள்தான் கதவைத் திறக்க வேண்டும்.