முதல் ஷாட் உனக்கு

"ஞாயித்துக்கிழமை வந்து மெஷினை எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் அதைத் தொடாதே. உனக்கு அதெல்லாம் வராது" என்று அபிஷேக் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பிரிந்துபோய் மாதக்கணக்கில் ஆகியும் மனிதனுக்கு வாய்க்கொழுப்பு குறையவில்லை. மைதிலி அதைப் படித்த கையோடு சமையலறைக்குப் போய் பிளக்கைச் செருகினாள்.

அது கையால் அழுத்தி இறக்கும் எஸ்பிரஸோ மெஷின். வானகரத்து ஃபிளாட்டில் பூஜை அலமாரியைவிடப் பளபளப்பாக இருந்த பொருள் அது ஒன்றுதான். நீளக் கைப்பிடியைத் தூக்கினால் வெந்நீர் காபித்தூளின் மேல் இறங்கும். தம் கட்டி அழுத்தினால் காபி தேன் மாதிரி ஒழுகும். அபிஷேக் அழுத்தினால் ஒழுகும். மைதிலியை அவன் கிட்டவே விட்டதில்லை.

ஆனால் தினமும் காலையில் "முதல் ஷாட் உனக்கு" என்று, முதல் அழுத்தலில் இறங்கிய காபியைச் சின்னக் கோப்பையில் அவளிடம்தான் நீட்டுவான். இரண்டாவதுதான் அவனுக்கு. மைதிலி ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அந்த வீட்டில் முதல் டிகாஷன் ஷிஃப்டுக்குக் கிளம்பும் அப்பாவுக்கும் விருந்தாளிகளுக்கும். ஃபில்டரில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாவது டிகாஷன்தான் அம்மா சரசாவுக்கும் பிள்ளைகளுக்கும். அதனால் அந்தக் கோப்பையைப் பார்த்து அவள் உருகிப்போனாள். "எங்க மாப்பிள்ளை மொத காபியை அவளுக்குத்தான் குடுக்கிறாராம்" என்று சரசா குவார்ட்டர்ஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

காபி என்னவோ புளித்தது. ஒருநாள் அதைச் சொல்லியும்விட்டாள்.

"சிக்கரி குடிச்சு வளர்ந்த நாக்கு. நல்ல காபி அதுக்கு எப்படித் தெரியும்?" என்றான் அபிஷேக்.

பிறகு நண்பர்கள் வரும்போதெல்லாம் அது ஒரு வேடிக்கை ஆயிற்று. ஹோட்டல் சாப்பாடு, புடவை நிறம், ஆபீஸ் விஷயம், எதைப் பற்றி அவள் அபிப்பிராயம் சொன்னாலும் "மைதிலியோட நாக்கு" என்பான், எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் சாம்பாரில் உப்பு சரியா என்று பக்கத்து ஃபிளாட் சுதாவிடம் கரண்டியை நீட்டும் நிலைக்கு வந்துவிட்டாள். புருஷனைத் தலைமுழுகிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மெஷின் போகுமுன் ஒரே ஒரு நல்ல காபி, தன் கையால் இறக்கி, நல்லது என்று தன் நாக்கே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

முதலில் வீட்டிலிருந்த ஃபில்டர் காபித்தூளைப் போட்டாள். சிக்கரி கலந்த தூள் சேறாக அடைத்துக்கொண்டது. கைப்பிடி அசையவில்லை. அவசரப்பட்டுத் தூள் கிண்ணத்தைக் கழற்றினாள், கொதிக்கும் கசடு மணிக்கட்டில் பீய்ச்சியடித்தது. "சனியனே!" என்று மெஷினைத் திட்டினாள். களிம்பைத் தடவிக்கொண்டு, அவன் விட்டுப்போன காபிக்கொட்டையைக் கை கிரைண்டரில் அரைத்தாள். கொரகொரவென்று அரைத்தால் குழாய்த் தண்ணீராகக் கொட்டியது, நைஸாக அரைத்தால் சொட்டுச் சொட்டாக இழுத்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. சனிக்கிழமை காலையில்தான் ஒருவழியாகத் தேன் மாதிரி ஒழுகியது.

குடித்தாள். அதே பழைய புளிப்பு.

அப்படியானால் அவன் சொன்னதுதான் சரி, நாக்கு உருப்படாத நாக்கு. அழுகை வந்தது. அழுதுகொண்டே அதே கொட்டையில், அதே அளவில், இன்னொன்று இறக்கினாள். அதில் புளிப்பே இல்லை. கசப்புக்கு அடியில் வெல்லப்பாகு மாதிரி ஓர் இனிப்பு இருந்தது.

மெஷினை ஆறவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். முதலாவது புளித்தது, இரண்டாவது இனித்தது. காபி இறங்கும் அந்த இரும்பு முகம் முதலில் சூடாக வேண்டும். அதைச் சூடாக்குவதற்காக இறக்கிக் கொட்டுவதுதான் முதல் ஷாட். சிங்க்கில் போக வேண்டியதைக் கோப்பையில் ஊற்றி, கொஞ்சலாக நாலு வருஷம் நீட்டியிருக்கிறான். அவள் முத்தம் வேறு கொடுத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அபிஷேக் ஒரு லோடு வண்டியோடு வந்தான். அவன் நாற்காலியையும் புத்தக அலமாரியையும் கீழே இறக்கிக்கொண்டிருந்தபோது மைதிலி மெஷினின் சுவிட்சைப் போட்டாள்.

"எல்லாம் ஏத்தியாச்சு சார். அந்த மிஷின் மட்டும்தான் பாக்கி கீது" என்றான் வண்டிக்காரன் தங்கவேல்.

"சூடா இருக்கு, இப்பத் தூக்க முடியாது. ஆளுக்கொரு காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் மைதிலி.

"தொடாதேன்னு சொன்னேன்ல?" அபிஷேக் கத்தினான்.

அவள் கொட்டையை எடுத்தாள். அரைத்தாள், தூளை அமுக்கினாள், கைப்பிடியைத் தூக்கிப் பொறுத்திருந்து அழுத்தினாள். காபி மெல்லிய இழையாக இறங்கியது. அவள் கோப்பையை நீட்டினாள்.

"முதல் ஷாட் உனக்கு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல் ஷாட்டை எவனாவது குடிப்பானா? அதைக் கொட்டிடணும். இதுகூடத் தெரியாம மெஷினைத் தொட்டிருக்கியே, உன்..."

சட்டென்று அவன் முகம் வெளுத்தது.

"ஏன் கொட்டணும்?" என்று கேட்டாள் மைதிலி. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லு, அபி. ஏன் கொட்டணும்?"

"புளிக்கும்."

"வாங்கிக்க சார்" என்றான் ஒன்றும் புரியாத தங்கவேல். "அக்கா எவ்ளோ நேரமா கையை நீட்டிக்கினு கீது."

அபிஷேக் வாங்கிக் குடித்தான். முகம் சுளிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. மைதிலி கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டாவதை இறக்கித் தானே குடித்தாள். மூன்றாவதைத் தங்கவேலிடம் கொடுத்தாள்.

"இன்னாக்கா, இத்தனூண்டு கீது? சக்கரை இல்லியா?"

அவள் சர்க்கரை டப்பாவை அவனிடம் நகர்த்தினாள். மெஷின் ஆறியதும் அபிஷேக் அதைத் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் லிஃப்டுக்குப் போனான்.

மதியம் சாம்பார் கொதித்தபோது கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி நாக்கில் விட்டாள். உப்பு ஒரு கல் குறைந்தது. போட்டாள். சுதா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது; மைதிலி அந்தப் பக்கம் போகவில்லை.