லைலாக் மரத்துக்கு மொட்டை

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் தில்லையம்பலம் சாரத்தை மடித்துக் கட்டி, மேலே தடித்த குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, கொப்பு வெட்டும் கத்தரிக்கோலுடன் பின்வளவுக்கு இறங்கினார். வருடாவருடம் இந்தக் காலத்தில் தன் லைலாக் மரத்துக்கு மொட்டை அடிப்பது அவருடைய வழக்கம். மரம் என்று அவர்தான் சொல்வார். அவருடைய நெஞ்சளவு உயரம்கூட இல்லாத பற்றை அது. உயர விட்டால்தானே உயர்வதற்கு.

கடல் கடந்து வந்து மோர்னிங்சைட்டில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் பாலேஸ்வரி ஒருநாள் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சொன்ன சொல்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். "இந்த நாட்டுப் பூவெல்லாம் வடிவாத்தான் இருக்கு. மணம்தான் இல்லை. சாமிக்குக் கடதாசிப் பூ வைக்கிற மாதிரிக் கிடக்கு." அவள் பிளாஸ்டிக் போத்தல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். நாள் முழுக்க உருகிய பிளாஸ்டிக்கின் நெடிதான் அவள் மூக்கில். காலையில் வேலைக்குப் புறப்பட முன் மணக்கிற பூ ஒன்றைச் சாமிக்கு வைத்துவிட்டு, அந்த மணத்தோடு பஸ் ஏறவேண்டும் என்பது அவளுடைய ஆசை. கலியாணம் முடித்த காலம் தொட்டு அவள் கணவனிடம் அதிகம் எதுவும் கேட்டதில்லை. ஆகவே இந்த ஒன்றையாவது செய்து காட்டுவது என்று தில்லையம்பலம் நெஞ்சுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டார்.

விசாரித்ததில் லைலாக் என்று ஒன்று இருப்பதாகவும், பூத்தால் தெருவே மணக்கும் என்றும் தெரியவந்தது. கன்று வாங்கப் போன அன்றைக்கு, காரில் இடம் இருந்ததால் பக்கத்து வீட்டுத் தம்பிமுத்துவும் தொற்றிக்கொண்டான். திருகோணமலைக்காரன். எதையும் அலட்டிக்கொள்ளாத மனுசன். ஒரே கடை, ஒரே வரிசை, ஒரே அளவான கன்றுகள். தம்பிமுத்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குழி தோண்டினான், கன்றை வைத்தான், காலால் மண்ணைத் தள்ளி மிதித்தான், உள்ளே போய்க் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டான். அதற்குப் பிறகு அந்தக் கன்றின் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை.

தில்லையம்பலம் அப்படிப்பட்டவர் அல்லர். ஊரில், இணுவிலில், அவருடைய தமையனாருக்குக் கொடிமுந்திரிகைத் தோட்டம், அதாவது திராட்சைத் தோட்டம் இருந்தது. முந்திரிகைக் கொடியை ஈவிரக்கம் இல்லாமல் வெட்டி, இலையெல்லாம் உருவி, மண்ணைக் காயவிட்டு, பிறகு எருவும் தண்ணீரும் கொடுத்தால், புதுத் துளிரோடு பூவும் குலையும் தள்ளிக்கொண்டு வரும். தமையனோடு நின்று அந்தக் கத்தரிக்கோலைப் பிடித்த கை இந்தக் கை. வெட்டினால்தான் பூக்கும் என்பது அவருக்கு வேதவாக்கு. எனவே லைலாக்கையும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வெட்டினார். மீன் கழுவிய தண்ணீரை வேரில் ஊற்றினார். அதன் வாசத்துக்கு ரக்கூன் என்கிற இரவுப் பிராணிகள் குடும்பத்தோடு வந்து அடிமண்ணைக் கிளறிவிட்டுப் போயின. எருத் தாழ்க்கிற வேலை மிச்சம் என்று அதையும் அவர் வரவேற்றார்.

மே மாதம் வந்தால் தம்பிமுத்துவின் மரம் ஊதாக் குலைகளாகப் பூத்துத் தள்ளும். தில்லையம்பலத்தின் மரம் நல்ல பச்சையாக இலை விடும். அவ்வளவுதான். தம்பிமுத்துவின் மனைவி கோணேஸ்வரி ஒவ்வொரு காலையும் வேலிக்கு மேலால் ஒரு கொத்தை நீட்டுவாள். "இந்தாங்க அக்கா, சாமிக்கு." பாலேஸ்வரி இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைப் புதைத்து மணந்துகொண்டு உள்ளே போவாள். மேசையடியில் இருந்து தேநீர் குடிக்கும் தில்லையம்பலத்துக்கு அந்த மணம் வர வர வயிறு எரியும். அடுத்தவன் வீட்டுப் பூ தன் வீட்டுச் சாமிக்கு! அதுவும் தம்பிமுத்து வீட்டுப் பூ!

அதற்கு அவர் ஒரு விளக்கமும் வைத்திருந்தார். "உம்மட மரம் இருக்கிற சத்தையெல்லாம் இப்பவே செலவழிக்குது, தம்பிமுத்து. என்ர மரம் சேர்த்து வைக்குது. உது இப்பிடியே பூத்தா ஒருநாளைக்குப் பொசுக்கெண்டு செத்துப்போம்."

இதை வருடாவருடம் கேட்டுக் கேட்டுத் தம்பிமுத்துவுக்கு உள்ளூரப் பயம் பிடித்துவிட்டது. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, தில்லையம்பலம் கத்தரிக்கோலோடு இறங்கியதும், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டான்.

"அண்ணன், என்ட மரத்தையும் ஒருக்கா வெட்டி விடுங்களன். செத்துக் கித்துப் போனா கோணேஸ் என்னைக் கொன்றுவா."

தில்லையம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை. தன் மரத்தை விட்டுவிட்டு அங்கே போனார். ஏணி வைத்து ஏறி, முறை சொல்லிச் சொல்லி, நுனி ஒன்றுகூட மிஞ்சாமல் வெட்டித் தீர்த்தார். தம்பிமுத்து மாணவனைப் போல வெட்டிய கொப்புகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றான். முடிய மழை தூறத் தொடங்கியது. தன் மரத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று கத்தரிக்கோலைப் பின்கதவடியில் வைத்தார்.

விடிந்து பார்த்தால் கத்தரிக்கோலைக் காணவில்லை. வீட்டின் கீழ்த்தளப் பேஸ்மென்றைப் புரட்டினார், காருக்குள் தேடினார், பாலேஸ்வரியைக் கேட்டார். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "எனக்கென்ன தெரியும், நான் வேலையால வந்து படுத்தனான்" என்றாள். எங்கே போயிருக்கும்? வேலிக்கு அந்தப் பக்கம்தான். நல்ல கத்தரிக்கோலைக் கண்டதும் தம்பிமுத்துவுக்கு ஆசை வந்திருக்கும். வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லை. புதிது வாங்குவது தோல்வி. இப்படி யோசித்துக்கொண்டிருக்கையிலேயே பனி கொட்டிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்கத் தம்பிமுத்து தன் வாசல் பனியை அள்ளும்போது இவருடைய வாசலையும் சேர்த்து அள்ளினான். களவெடுத்தவனுக்கு நெஞ்சு குத்துகிறது, அள்ளட்டும் என்று தில்லையம்பலம் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மே மாதத்தில் ஒரு காலை, முகத்தில் பாதி சவரம் செய்திருந்த வேளையில் பாலேஸ்வரியின் குரல் கேட்டது. "இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ!" வீட்டுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று சவர்க்கார நுரையோடு ஓடினார். பின்வளவில் அவருடைய லைலாக் பூத்து நின்றது. கொப்புக்குக் கொப்பு ஊதாக் குலைகள். பாலேஸ்வரி ஒரு குலையை முறிக்காமலே இழுத்து முகத்தோடு வைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. தில்லையம்பலத்துக்குச் சந்தோசத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் தான் செய்த ஒரேயொரு உருப்படியான காரியம் இது என்று அந்த நேரம் அவருக்குத் தோன்றியது.

"அண்ணன், வெட்டெண்டா உங்கட வெட்டுத்தான்!" வேலிக்கு மேலே தம்பிமுத்துவின் தலை தெரிந்தது. அவனுடைய மரம் நல்ல பச்சையாக இலை விட்டிருந்தது. பூ என்று பார்க்க ஒன்றும் இல்லை. "என்டது இப்பதானே சேர்த்து வைக்கத் தொடங்கியிருக்கு. இனித்தான் பூக்கும், என்ன?"

"ஓம், ஓம்" என்றார் தில்லையம்பலம். சொல்லும்போதே அவருடைய கண் ஒரு குலையின் காம்பில் நின்றது. குலை இருந்தது போன வருடத்துப் பழுப்புக் கொப்பின் நுனியில். மற்றக் குலையைப் பார்த்தார். அதுவும் பழைய கொப்பின் நுனி. இந்த வருடத்துப் பச்சைத் துளிர் ஒன்றிலும் பூ இல்லை. அவர் ஒவ்வொரு அக்டோபரும் தேடித் தேடி வெட்டியெறிந்தது அந்த நுனிகளைத்தான். போன அக்டோபரில் மட்டும்தான் வெட்டவில்லை. தம்பிமுத்துவின் மரத்தில் அந்த நுனி ஒன்றைக்கூட அவர் மிச்சம் விடவில்லை.

உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். பாதி முகத்தில் நுரை காய்ந்துபோயிருந்தது.

"கத்தரிக்கோல் அரிசிச் சாக்குக்குப் பின்னால கிடக்கு" என்றாள் பாலேஸ்வரி, சாமிக்குப் பூ வைத்துக்கொண்டே. "நான்தான் ஒளிச்சனான். வேலையால வந்து அங்கால மரம் நிண்ட கோலத்தைப் பாத்தன். கோணேஸ் தாற பூவும் இனி இல்லை எண்டு விளங்கீட்டுது. எங்கட மரத்தை எண்டாலும் காப்பாத்துவம் எண்டு நினைச்சன்."

"அப்ப உமக்கு முதலே தெரியுமோ?"

"ரெண்டு வளவிலயும் ஒரே மரம். ஒரு வளவில நீங்கள் இருக்கிறியள், மற்ற வளவில நீங்கள் இல்லை. இதுக்கு என்ன படிப்பு வேணும்?"

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னாக் கேக்கிற ஆள்தான்." பிறகு குரலைத் தணித்தாள். "அதுகளிட்டைப் போய் உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. பாவம், இத்தனை வருசமாப் பூ தந்ததுகள்."

தில்லையம்பலம் மறுநாளே ஒரு கொத்துப் பூவோடு போனார். சொல்லத்தான் போனார். கோணேஸ்வரி பூவைக் கண்டு மலர்ந்து தேநீர் ஊற்றினாள். தம்பிமுத்து, "மனுசன் எண்டா இப்பிடி இருக்கணும்" என்று மனைவிக்குச் சொன்னான். அந்த வார்த்தைக்குப் பிறகு வாய் வரவில்லை. அடுத்த நாளும் போனார். அடுத்த நாளும் தேநீர்தான். பூ உதிரும் வரையில் போனார். போகப் போகப் புகழ் கூடியதே தவிர உண்மை வெளியே வரவில்லை. கோயிலில் தம்பிமுத்து அடித்த தம்பட்டத்தில் மார்க்கம் நகரில் இருந்து ஒரு குடும்பம் காரோடு வந்து மரத்தைப் பார்த்துவிட்டு, இலையுதிர் காலத்தில் தங்கள் வீட்டுக்கும் வந்து வெட்டித் தரவேண்டும் என்று கேட்டுப் போனது. இருமலை வரவழைத்துக்கொண்டு தில்லையம்பலம் தலையை ஒரு பக்கமாக ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று அவருக்கே தெரியாது. பாலேஸ்வரி பார்த்த பார்வைதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

கோடையும் போயிற்று. மறந்துவிடுவார்கள் என்று அவர் நம்பத் தொடங்கியிருந்த வேளை, ஒரு ஞாயிறு மத்தியானம், சோற்றில் கை வைத்த நேரம், வேலிக்கு அந்தப் பக்கம் ஏணி இழுபடும் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தார். தம்பிமுத்து புத்தம்புதுக் கத்தரிக்கோல் ஒன்றின் மட்டையைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

பாலேஸ்வரி சுண்டலை அவர் தட்டில் வைக்கப்போன கரண்டியோடு அப்படியே நின்றாள்.

தில்லையம்பலம் எழும்பி ஓடினார். வாசலால் சுற்றிப் போக நேரம் இல்லை. வாளியைக் கவிழ்த்து ஏறி, வேலியில் ஒரு கால் போட்டு, அந்தப் பக்கம் விழுந்தார் என்றுதான் சொல்லவேண்டும். எழும்பிப் போய் மரத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். வலது கையில் சோறும் குழம்பும்.

"வெட்டாதையும்!"

"ஏன் அண்ணன்? உங்களைக் கரைச்சல் படுத்தக் கூடாதெண்டு நானே வாங்கினன். முறைதான் போன வருசம் பாத்தனே."

"முறையும் இல்லை, மண்ணும் இல்லை. எனக்கு இந்த மரத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது."

தம்பிமுத்து சிரித்தான். "வேலை தெரிஞ்ச ஆக்கள் இப்பிடித்தான் சொல்லுவாங்க. கொஞ்சம் தள்ளுங்க, கோணேஸுக்கு எட்டாத கொப்பு ரெண்டு இருக்கு."

"தம்பிமுத்து, நான் சொல்லுறதைக் கேளும். உம்மட மரம் ஏன் இந்த வருசம் பூக்கேல்லை? நான் வெட்டினபடியால். என்ர ஏன் பூத்தது? நான் வெட்டாதபடியால். பாலேஸ் கத்தரிக்கோலை ஒளிச்சுப்போட்டா. அதை நீர் எடுத்ததெண்டு வேற குளிர்காலம் முழுக்க நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

தம்பிமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றது. சத்தம் கேட்டுக் கோணேஸ்வரி படியில் இறங்கி வந்தாள்.

தில்லையம்பலம் இடது கையால் ஒரு கொப்பை வளைத்துக் காட்டினார். இலை உதிர்ந்த நுனியில் பயறளவில் இரண்டு முகைகள் பச்சையாய் இறுகிப் போய் இருந்தன. "இதைப் பாரும். இது வாற மே மாதத்துப் பூ. இப்பவே வந்து குந்தியிருக்கு. உதுகளைத்தான் நான்..."

கோணேஸ்வரி கிட்ட வந்து குனிந்து முகைகளைப் பார்த்தாள். பிறகு தில்லையம்பலத்தை ஏற இறங்கப் பார்த்தாள். கணவனின் கையில் இருந்த கத்தரிக்கோலை வாங்கினாள். தம்பிமுத்து ஏணியின் முதற்படியில் ஒரு காலை வைத்தபடி மரத்தையும் மனுசனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம், தில்லையம்பலம் கவிழ்த்த வாளியில் பாலேஸ்வரி ஏறி எட்டிப் பார்த்தாள். கோணேஸ்வரி கத்தரிக்கோலை எதற்கு வாங்கினாள் என்று விளங்காமல் தில்லையம்பலம் மறுபடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். விரல்களில் சோறு காயத் தொடங்கியிருந்தது.